எருமை கிளம்பிருச்சு!

உள்ளே விட்டுவிட்டார்கள்! மூன்று மாதம் கெஞ்சியது வீண்போகவில்லை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் அடுக்கக வளாகம். நடுவில் பெரிய புல்தரை. காலை எட்டு மணிக்குக் காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்தால், இஸ்திரி போட்டு விரித்த பச்சைப் போர்வை மாதிரி கிடக்கும். ஓரத்தில் ‘புல்லை மிதிக்காதீர்கள்’ என்று ஒரு பலகை. மீறி மிதிக்கும் பொடிசுகளைத் துரத்த விசிலோடு ஒரு செக்யூரிட்டி. இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அந்த இஸ்திரியைப் போடுகிற கைகளை மட்டும் பார்த்ததே இல்லை. நாம் எழுந்து வருவதற்குள் அவர்கள் வேறு மூலைக்குப் போயிருப்பார்கள்.

தோட்ட மேஸ்திரியிடம் கேட்டேன். சிரித்தார். “புல்லு வெட்றதுல இன்னா மேடம் பார்க்கப் போறீங்க?” மறுமாதமும் கேட்டேன். மறுபடியும் சிரிப்பு. புரட்டாசி கடைசி வாரத்தில் அவரே கூப்பிட்டார். “வியாழக்கெழம வாங்க. மழைக்கு முன்னாடி வேலை. வருஷத்துக்கே இதான் பெரிய வேலை. அஞ்சரைக்கு ஜெனரேட்டர் ரூம் பின்னாடி வந்து நில்லுங்க. செருப்பு வேணாம்.”

செருப்பு வேணாமாம்! புல்லை மிதிக்க எனக்கு அனுமதி! முதல் நாள் ராத்திரி தூக்கமே வரவில்லை. வாருங்கள், நீங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு என் பின்னாலேயே வந்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு. நான் அதை மின்சாரப் பெட்டி என்றே நினைத்திருந்தேன். திறந்தால், அடேயப்பா! மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவு இடம். அதற்குள் ஓர் உலகமே அடைந்து கிடந்தது. சுருட்டி மாட்டிய பச்சைத் தண்ணீர்க் குழாய்கள், கைப்பிடி உடைந்து கம்பி கட்டிய மண்வெட்டி, அடுக்கிய பாண்டுகள், மண்புழு உர மூட்டை, ஆணியில் தொங்கும் சட்டைகள், போன வருஷத்து முருகர் காலண்டர், ஒரு மூலையில் எண்ணெய்க்கறை படிந்த ஸ்டவ். பெட்ரோலும் ஈரமண்ணும் ஊதுவத்தியும் கலந்த ஒரு வாசனை.

ஊதுவத்தி எங்கிருந்து? ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எல்லா மெஷினுக்கும் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கத்தரிக்குக்கூடப் பொட்டு. வாடிய சாமந்திச் சரம் இன்னும் கைப்பிடிகளில் சுற்றியபடியே. நடுநாயகமாக, கழுத்தில் மாலையோடு, ஒரு பழைய சிவப்பு நிறப் புல்வெட்டி.

“இவர்தான் எருமை” என்று அறிமுகம் செய்து வைத்தார் மேஸ்திரி.

பெயர்க்காரணம் அடுத்த நிமிடமே விளங்கிவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் தம்பி கயிற்றைப் பிடித்து இழுத்தான். எருமை ஒரு முறை செருமியது. மறுபடி இழுத்தான். செருமலும் நின்றுபோனது. ஆறாவது இழுப்பில் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெற்றிலையை மென்றபடி வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா நிதானமாகச் சொன்னார்: “ஆவடில டேங்கே செய்றானுங்க, டேங்கு. மலை மேல ஏறுது, ஆத்துல எறங்குது. ரெண்டு முழம் புல்லு வெட்ற வண்டி கெளம்ப மாட்டேங்குது பாரேன்!”

எல்லோரும் சிரித்துவிட்டோம். பக்கத்திலேயே இருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-லேயே விஜயந்தா டாங்கியை ஓட்டிக் காட்டிய இடம். எங்கள் எருமைக்கு அந்த மண்ணின் ராசி இன்னும் ஒட்டவில்லை. “வுடு, வெயில் வந்தா அதுவா கெளம்பும்” என்றார் மேஸ்திரி. எப்படியும் அப்போது வெட்ட முடியாதாம். ராத்திரி ஒரு சின்ன மழை அடித்திருந்தது. ஈரப்புல்லை வெட்டினால் தாள் கிழிபடும், வெட்டியது கட்டி கட்டியாக மேலேயே அப்பிக்கொள்ளும், பாரமான மெஷின் ஈரமண்ணில் தடம் பதிக்கும். நான் பால்கனியில் நின்று, “இவ்வளவு நேரம் ஆகியும் ஆரம்பிக்கலையே” என்று அலுத்துக்கொண்ட காலைகள் எத்தனை! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கெட்டிலில் டீ வந்தது. தெருமுனைக் கடை டீ, பேப்பர் கப், உள்ளங்கையைச் சுடும் சூடு. குடித்து முடித்ததும் மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு புல்லில் இறங்கினார். “வாங்க மேடம்.”

அந்த முதல் அடியை எப்படிச் சொல்வேன்! சில்லென்று, மெத்தென்று, உள்ளங்காலில் ஆயிரம் ஈரத்தூரிகைகள் உரசுகிற குறுகுறுப்பு. நான் குழந்தை மாதிரிக் குதித்துக்கொண்டிருக்க, மேஸ்திரி நெல் காயவைத்த களத்தைக் காலால் கிளறுகிற விவசாயி போல, அடிமேல் அடி வைத்துத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். நாலடிக்கு ஒருதரம் நின்றார். குதிகாலை அழுத்தினார். ஒரு இடத்தில் ‘சொத்’ என்றது.

“கேட்டுச்சா? தண்ணி நிக்குது. கீழ மண்ணு இறுகிப்போச்சு.” சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் தூளை எடுத்து ஒரு வட்டம் தூவினார். இன்னும் பத்தடி தள்ளி மற்றொரு ‘சொத்’. இன்னொரு வட்டம். முக்கால் மணி நேரத்தில் பதினோரு வட்டங்கள். கையில் கருவி ஒன்றும் கிடையாது. “கால் சொல்லும் மேடம். கண்ணு பொய் சொல்லும். மேல பச்சையா இருக்கும், கீழ வேரு அழுவிகினு இருக்கும்.”

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், எனக்கு அன்று தலைக்குள் விளக்கு எரிந்த இடம் இது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த அக்டோபர் மாதத்தில் புல்தரை வைத்திருப்பவர்கள் உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளுவார்கள், பனிக்காலத் தூக்கத்துக்குப் புல்லைத் தயார் செய்வார்கள். நாமும் பள்ளிப் பாடத்தில் ‘இலையுதிர் காலம்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஆனால் எங்கள் வளாகத்து மரங்கள் மாசி, பங்குனியில்தான் மொட்டையாகும். ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர்கள் ‘கூதிர்’ என்றார்கள். வாடையடிக்கும் குளிர்ந்த மழைக்காலம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டி வந்து சேரும். சென்னையின் ஒரு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அடுத்த மூன்று மாதத்துக்குள்ளேயே கொட்டித் தீர்க்கும். அங்கே புல் தூங்கப் போகிற மாதத்தில் இங்கே அதற்கு நீச்சல் பரீட்சை! அந்தப் பரீட்சைக்கான தயாரிப்பைத்தான் நாம் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஏழு மணி. களை எடுப்பு. ஆயாவும் இரண்டு அக்காக்களும் வரிசையாகக் குந்தினார்கள். முந்தானை தலையில், இடது பக்கம் ஒரு கோணிப்பை, வலது கையில் துரு ஏறிய களைக்கொத்து. குந்திய நிலையிலேயே முன்னால் நகர்கிறார்கள், எழுவதே இல்லை. நானும் குந்தினேன். நாலாவது நிமிடத்தில் முழங்கால் கெஞ்சியது. பத்தாவது நிமிடத்தில் சப்பணம் போட்டுவிட்டேன். ஈரம் புடவையில் ஏறியது. “ஐய, மேடம் ஒக்காந்துட்டாங்கப்பா!” என்று இளைய அக்கா கூவ, வரிசை முழுக்கச் சிரிப்பு.

எதிரியைக் காட்டினார்கள். கோரை. புல்லோடு புல்லாக, ஆனால் ஒரு பிடி உயர்ந்து, பளபளவென்று திமிராக நிற்கும். தண்டை உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தெரியும். சாதாரணச் செடியாயிற்றே என்று பிடித்து இழுத்தேன். ‘டப்.’ கையோடு வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

ஆயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கெழங்கு வரலல்ல?”

“எப்படித் தெரிஞ்சுது ஆயா?”

“அதான் டப்புன்னு சத்தம் வந்துச்சே! கெழங்கோட வந்தா சத்தமே வராதும்மா. கொழந்த தூக்கத்துல கைய வுட்ற மாதிரி மெதுவா வரும்.”

அவர் செய்து காட்டியதைப் பக்கத்தில் முகம் வைத்துப் பார்த்தேன். களைக்கொத்தைச் செடிக்கு அருகில் குத்துவதில்லை. மூன்று விரல் தள்ளி, சாய்வாக இறக்குகிறார். லேசாக ஒரு நெம்பு. மண் ஒரு பெருமூச்சு விடுவது போல உயர்ந்து தாழ்கிறது. இடது கையின் இரண்டு விரல் தண்டின் அடியைப் பிடித்து, மேலே இழுக்காமல், பக்கவாட்டில் ஓர் ஆட்டு ஆட்டுகிறது. வெள்ளை வேர், அதன் நுனியில் கறுத்த சிறு கிழங்கு, அதிலிருந்து நூல் மாதிரி ஓடும் இன்னொரு வேர், அதன் முனையில் இன்னொரு கிழங்கு. மூக்குத்தி கோத்த சங்கிலி போல வந்தது. கிழங்கை நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டினார். அட! பாட்டி வீட்டுக் குளியல் பொடி வாசம்! நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே கோரைக்கிழங்குதான். உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்திய விஞ்ஞானிகள் முதலிடம் கொடுத்ததும் இதற்குத்தான். மேலே வெட்ட வெட்ட, கீழே சங்கிலியில் தூங்கும் கிழங்கெல்லாம் விழித்துக்கொள்ளும். மழைக்கு முன்னால் இதை எடுக்காவிட்டால் தீபாவளிக்குள் கோரைத் தோட்டம்தான்.

கோணிப்பைகளில் ஒரு ரகசியம் உண்டு. ஒவ்வொருவரிடமும் பெரிய பை ஒன்று, மடியில் சின்ன மஞ்சப்பை ஒன்று. பெரியது குப்பைக்கு. சின்னது வீட்டுக்கு. மூக்கிரட்டை கூட்டுக்கு, கீழாநெல்லி பக்கத்து வீட்டுக்காரரின் மஞ்சள் காமாலைக்கு, குப்பைமேனி பேரனின் சொறிக்கு. நாங்கள் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டிப் பிடுங்கச் சொல்வதெல்லாம் இவர்கள் அடுக்களைக்கு நடந்து போகிறது! “உங்க புல்லு யாருக்கும் ஒதவாது. எங்க களை ஒதவும்” என்றார் பெரிய அக்கா. பதில் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இன்னொரு பொக்கிஷமும் காட்டினார்கள். பழைய பிஸ்கட் டின். புல்லில் அகப்பட்ட பொருட்களின் அருங்காட்சியகம்: கோலிக்குண்டு, பொம்மைக் காரின் ஒற்றைச் சக்கரம், கம்மல் திருகாணி மூன்று, ஷட்டில் பந்தின் தலை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கால், அப்புறம்... பாதி பல்செட்! “யாருதுன்னு கேக்க வெக்கமா இருக்கு மேடம். ரெண்டு வருஷமா இருக்கு.” இப்போதெல்லாம் லிஃப்டில் பெரியவர்களைப் பார்த்தால் என் கண் நேராக அவர்கள் வாய்க்குப் போகிறது. மன்னிக்கவும்.

ஒன்பதரை. வெயில் ஏறி, புல் காய்ந்தது. தம்பி மறுபடியும் எருமையின் முன் நின்றான். கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இழுத்தான்.

டுர்ர்ர்ர்ர்ர்!

“எருமை கெளம்பிருச்சு!” ஏழு பேரும் கத்தினார்கள். நானும்தான் கத்தினேன், கொஞ்சம் அதிகமாகவே. மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது.

வெட்ட ஆரம்பித்ததும் இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது. மைனாக்கள் நாலைந்து, இரண்டு உண்ணிக்கொக்குகள், கம்பியில் ஒரு கரிச்சான். எருமை நகர நகரப் புல்லிலிருந்து தத்துக்கிளியும் பூச்சியும் தெறித்து எழும்ப, பின்னாலேயே பந்தி நடந்தது. ஏர் உழவனின் பின்னால் கொக்கு நடக்குமே, அச்சு அசல் அதே நடை. வயல் போய் வளாகம் வந்தது கொக்குகளுக்கு இன்னும் தெரியாது போலும்.

புல்லை எவ்வளவு வெட்டுவது என்பதற்கு ஒரே சட்டம்தான். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் இன்னும் தாராளம். கொஞ்சம் உயரமாகவே விட்டுவிட வேண்டும். வெயில் குறைவாக இருக்கும் நாட்களில் சமைக்க இலை வேண்டாமா என்பது தம்பியின் விளக்கம். பாதித் தமிழ், பாதி சைகை. “மொட்டை... நஹீ. ஸ்டைல் கட்டிங்... ஓகே” என்று தன் தலையையே தடவிக் காட்டினான். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இந்த இயந்திரத்தின் பிறப்பே ஒரு சலூன் கதைதான். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், நெய்த கம்பளித் துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் இழைகளைச் சமமாகச் சீவித் தள்ளும் ஆலை இயந்திரத்தைப் பார்த்தார். துணிக்குச் செய்வதைத் தரைக்குச் செய்தால் என்ன என்று யோசித்து, 1830-இல் உலகின் முதல் புல்வெட்டி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எங்கள் எருமையின் கொள்ளுத்தாத்தா நெசவாலைக்காரர்!

ஓரங்களுக்கு எருமை போகாது. அங்கே பிரஷ் கட்டர் அண்ணன் வருவார். ஹெல்மெட், முகத்துக்கு வலை, முட்டி வரை பூட்ஸ், மார்பில் ரப்பர் ஏப்ரன். வேற்றுக்கிரகவாசி போல இருந்தார். அரைமணி கழித்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம், கழுத்து, காது, புருவம் எல்லாம் பச்சை. கண் மட்டும் வெள்ளை. அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, “ஷூட்டிங் எப்போங்க?” என்றார். அவர் பூட்ஸைக் கவிழ்த்தார். வியர்வை தண்ணீர் மாதிரி ஊற்றியது. சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

அடுத்தது எனக்குப் பிடித்த பயணம். விநாயகர் சதுர்த்திப் பந்தலும் நவராத்திரி ஷாமியானாவும் நின்ற இடத்தில் புல்தரை சொட்டையாகிக் கிடந்தது. ஒட்டுப்போட புதுப் புல் வேண்டும். குட்டி யானையில் டிரைவர், மேஸ்திரி, நடுவில் நெருக்கிக்கொண்டு நான். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, கரையான்சாவடி சிக்னலில் வெந்து, பூந்தமல்லிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணைக்குள் திரும்பினோம். பூவிருந்தவல்லி என்று பெயர் வைத்துக்கொண்ட ஊரில் இன்னும் பூ இருக்கிறது, பிளாஸ்டிக் தொட்டிகளில் வரிசை வரிசையாக.

பின்கட்டில் புல் படுக்கைகள். கொரியன் புல் ஒரு பக்கம்: மெதுவாக வளரும், அடர்ந்து மெத்தையாகும், ‘பணக்கார வீட்டுப் பிள்ளை’ என்பது பண்ணைக்காரம்மாவின் பட்டம். இன்னொரு பக்கம் பெர்முடா: வேகமாகப் பரவும், மிதியும் வெயிலும் தாங்கும். “இவன் நம்ம வூட்டுப் பையன்” என்றார். குனிந்து பார்த்தேன். கணுக்கணுவாக ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர்... அட, இது அருகம்புல் ஆயிற்றே! ஆமாம், அதேதான். வெள்ளைக்காரன் ஒரு தீவின் பெயரைச் சூட்டி கோல்ஃப் மைதானத்தில் போடுவதும், நாம் பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடுவதும் ஒரே இனம். அருகு போல் வேரோடி வாழ வேண்டும் என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோமே, அந்த வேரைத்தான் இங்கே சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள்!

புல்லை மண்ணோடு சேர்த்து, ஓர் அடிக்கு ஓர் அடி தோசை மாதிரி வெட்டி, கோணியில் அடுக்கினார்கள். மேஸ்திரி ஒவ்வொன்றையும் முறுக்குச் சுட்டவர் பதம் பார்ப்பது போலத் தூக்கி உதறினார். உதிர்ந்தால் வேர் பிடிக்கவில்லை, தள்ளு. உதிராவிட்டால் வண்டியில் ஏற்று. பேரம் பற்றி எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். மூன்று தடவை வண்டியில் ஏறி மூன்று தடவை இறங்கினோம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பி வந்தால் சாப்பாட்டு நேரம். கார் நிறுத்துமிடத்தில், எண் அழிந்த ஒரு தூணுக்குப் பக்கத்தில் பழைய பேனர் விரித்துப் பந்தி. வட்டமாக டப்பாக்கள் திறந்தன. சாம்பார், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வாழைக்காய் வறுவல், மூக்கிரட்டைக் கூட்டு. தம்பியின் டப்பாவில் உருளைக்கிழங்கும் சோறும். எல்லாம் எல்லோர் தட்டுக்கும் போனது. எங்கேயும் ஒரு மீன் முள்கூட இல்லை. “புரட்டாசி மேடம்” என்று பிரஷ் கட்டர் அண்ணன் பெருமூச்சு விட்டார். “ஐப்பசி ஒண்ணு அன்னிக்குக் காசிமேட்டையே வாங்கிட்டு வந்துடுவேன்.” வருஷா வருஷம் இதையேதான் சொல்வாராம். வருவது கால் கிலோ நெத்திலியாம்.

பேச்சு மழைக்குத் தாவியது. செம்பரம்பாக்கம் ஏரியில் இப்போது எத்தனை அடி என்று டிரைவர் போனைப் பார்த்தார். மேற்குச் சென்னைக்காரர்களுக்கு இந்த மாதத்தில் ராசிபலனைவிட முக்கியமான எண் அது. முழுக் கொள்ளளவு 24 அடி என்பது எங்கள் வளாகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்த வாய்ப்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் புல்தரை நாள்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்தது. வடிந்ததும் நாங்கள் மாடியிலிருந்து பார்த்தது பழுப்புத் தரையை. இவர்கள் பார்த்தது வேறு. “கைய வெச்சா அப்படியே தோலு மாதிரி உரிஞ்சி வந்துச்சும்மா. வேரே இல்ல. அந்த நாத்தம் ரெண்டு நாளு சோத்துல வந்துச்சு” என்றார் ஆயா. வட்டம் ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு யாரோ அப்பளத்தை நொறுக்கினார்கள்.

மத்தியானம் ஒட்டு வேலை. சொட்டை இடத்தைக் கொத்தி, செம்மண்ணும் மணலும் மண்புழு உரமும் கலந்து பரப்பி, புல் தோசைகளை அடுக்க வேண்டும். வரிசையாக அடுக்கப் போன என் கையைப் பெரிய அக்கா பிடித்துக்கொண்டார். “செங்கல் கட்ற மாரி. இணைப்பு மேல இணைப்பு வரக் கூடாது. தண்ணி கோடு போட்டுக்கினு ஓடிடும்.” அடுக்கி முடித்ததும் மேலே ஒரு பலகை. பலகை மேல் ஆள் ஏறிக் குதிக்க வேண்டும், அப்போதுதான் வேரும் மண்ணும் ஒட்டும். யார் குதிப்பது? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “மேடம்தான் கரெக்டான வெயிட்டு” என்றார் மேஸ்திரி மிக மரியாதையாக. குதித்தேன். ஐயா, குதித்தேன்! நாற்பது வயதுக்கு மேல், சம்பளமில்லாமல், பட்டப்பகலில், புல்தரையின் மேல். அந்த மூன்றாவது மாடி ஜன்னல் மறுபடியும் திறந்தது. செக்யூரிட்டி விசிலை வாயில் வைத்தார், என் முகத்தைப் பார்த்து எடுத்துவிட்டார்.

அப்புறம் அந்தப் பதினோரு வட்டங்கள். நான்கு பல் இரும்பு முள்ளைத் தரையில் இறக்கி, மிதித்து, லேசாக ஆட்டி எடுக்கிறார்கள். எடுத்த துளைகளில் மணலைத் தூவித் துடைப்பத்தால் தள்ளுகிறார்கள். அரையடிக்கு ஒன்றாகத் துளை. இறுகிய மண்ணுக்கு மூக்கு குத்துகிற வேலை. தண்ணீர் கீழே போக வழி, வேர் மூச்சு விட வழி. ஒரு வட்டம் முடிப்பதற்குள் தம்பியின் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டாவதுக்குப் போனான்.

“யூரியா போடலையா? பளிச்சுனு வருமே?” என்று பெரிய நிபுணி மாதிரிக் கேட்டேன். மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். “அசோசியேஷன்லயும் இதான் கேக்குறாங்க மேடம். தீபாவளிக்குப் பச்சையா இருக்கணுமாம். இப்போ யூரியா போட்டா பதினஞ்சு நாள்ல பச்சை தூக்கும், கார்த்திகைல பூஞ்சை நோய் தூக்கும். வட்டம் வட்டமா கருகிப்போவும். அப்போ யாரத் திட்டுவாங்க?” யாரை என்று அவர் சொல்லவில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் பச்சை வேண்டும் என்று கையைத் தூக்கிய ஆட்களில் நானும் ஒருத்தி.

நாலரை மணி. கடைசி வேலை, மூலையில் இருக்கும் வடிகால் ஜல்லடை. பிரஷ் கட்டர் அண்ணன் குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டார். இலைக்குழம்பு வந்தது, பிளாஸ்டிக் பை வந்தது, ஒரு டென்னிஸ் பந்து வந்தது, கடைசியில் ஒரு தேங்காய் மூடி வந்தது. “அவ்ளோதான் மேடம். இத்தினி நேரம் செஞ்சதெல்லாம் ஒரு பங்கு. இந்த ஓட்டை ஒன்பது பங்கு” என்றார் மேஸ்திரி.

சொல்லி வாய் மூடவில்லை, வெயில் அணைந்தது. புல்லின் மேல் தட்டான்கள் முழங்கால் உயரத்துக்கு இறங்கிப் பறந்தன. ஆயா வானத்தைப் பார்க்காமல் தட்டானைப் பார்த்தார். “எல்லாத்தையும் உள்ள தூக்குங்கடா!”

எருமையை இரண்டு பேர் தள்ள, நான் பிஸ்கட் டின்னோடு ஓட, மணல் மூட்டைக்குப் பேனரைப் போர்த்த, கொட்டியது பாருங்கள் மழை! கார் நிறுத்துமிடத்தின் விளிம்பில் வரிசையாக நின்றோம். எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்தில், பதினோரு வட்டத்தில் பெரிய வட்டத்தின் மேல். முதலில் தண்ணீர் தேங்கியது. யாரும் பேசவில்லை. தேங்கியது மினுங்கியது. நடுவில் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பின. மெல்ல, மிக மெல்ல, மினுக்கம் சுருங்கியது.

“போவுது... போவுது...” என்றார் பெரிய அக்கா, கிசுகிசுப்பாக.

“போயிருச்சு!” தம்பி இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் மிகச் சுத்தமாகச் சொன்னான். மூலையில் ஜல்லடை ‘களக் களக்’ என்று குடித்துக்கொண்டிருந்தது. கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் ஜெயித்தால்கூட நான் இப்படிக் கைதட்டியதில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. காபியோடு பால்கனி. கீழே அதே இஸ்திரி போட்ட போர்வை, அதே பலகை, அதே விசில். ஆனால் எனக்கு இப்போது வட்டங்கள் தெரிந்தன, ஒட்டுகள் தெரிந்தன, நான் குதித்த இடம் தெரிந்தது. முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன. நகக்கண்ணில் இன்னும் குளியல் பொடி வாசம். போர்வையின் நடுவில், ஒரே ராத்திரியில், ஒரு பிடி உயரத்துக்கு, பளபளவென்று திமிராக ஒன்று நின்றுகொண்டிருந்தது.

காபியை அப்படியே வைத்துவிட்டு, செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன். குந்தினேன். மூன்று விரல் தள்ளி, மேலே இழுக்காமல், பக்கவாட்டில் ஓர் ஆட்டு...

டப்.

மல்லிகைப் புதருக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் தெரியாமல் ஒரு குரல் மட்டும் வந்தது.

“கெழங்கு வரலல்ல?”